யூடியூபிடம் காசு கேட்கப் போகும் புது ஐஎஸ்பிகளுக்கு

கேபிள் டிவி நடத்திவிட்டு ஐஎஸ்பி லைசென்ஸ், அதாவது இணைய இணைப்பு விற்கும் லைசென்ஸ், எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள்: "என் லைன்ல ஓடுறதெல்லாம் வீடியோதான் சார். சம்பாதிக்கிறது அவங்க, எனக்கு என்ன தர்றாங்க?" ஃபைபர் ஒட்டுவதிலும் பில் போடுவதிலும் வரும் பிழைகளை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். நான் சொல்ல வருவது இந்தக் கேள்வியிலிருந்து கிளைக்கும் தவறுகளை.

அனுப்புகிறவர்தான் காசு தரவேண்டும் என்று நம்புவது

கேபிளில் தங்கள் சேனலைக் காட்டுவதற்குச் சேனல்காரர்கள் கேரேஜ் ஃபீஸ் கட்டினார்கள். எந்தச் சேனலை எங்கே வைப்பது என்பது, சேனல்களைத் தொகுத்துக் கேபிள்காரர்களுக்கு அனுப்பும் எம்எஸ்ஓ கையில் இருந்ததால் அது நடந்தது. இணையத்தில் யூடியூப் தானாக உங்கள் லைனுக்குள் வருவதில்லை. வாடிக்கையாளர் கேட்கிறார், வருகிறது. அப்படிக் கேட்பதற்குத்தான் மாதாமாதம் உங்களுக்குப் பணம் கட்டுகிறார்.

தென்மாவட்டத்தில் ஒருவர், வீடியோ கம்பெனியின் கேஷ் சர்வர் (அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை உள்ளூரிலேயே சேமித்துத் தரும் பெட்டி) வைக்கலாம் என்றபோது, "முதல்ல ரேட் பேசட்டும், அப்புறம் பெட்டியை வைக்கட்டும்" என்று நின்றார். பெட்டி இலவசம்; இடமும் கரண்டும் நாம் தரவேண்டும். ரேட் பேச யாரும் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஊரே பார்க்கும் ஒரே படம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, அவர் பெரிய ஐஎஸ்பியிடம் காசு கொடுத்து வாங்கிய அப்ஸ்ட்ரீம் லைன் வழியாகச் சென்னையிலிருந்து வந்தது. பஃபரிங் தாங்காமல் வாடிக்கையாளர்கள் வேறு கனெக்‌ஷனுக்குப் போனார்கள். இன்னமும் அவர் "அவங்க திமிரைப் பாத்தீங்களா" என்கிறார். எனக்குத்தான் எரிகிறது.

ஒரு நாடே இதைச் செய்து பார்த்திருக்கிறது. தென்கொரியாவில் 2016 முதல், ஐஎஸ்பிகளுக்குள் ட்ராஃபிக் அனுப்புகிறவர் பணம் கட்டவேண்டும் என்று விதி வந்தது. ஃபேஸ்புக் கேஷ் இருந்தது கேடி (KT) என்ற அந்நாட்டு ஐஎஸ்பியிடம். போட்டி நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் அதிலிருந்து எடுக்க எடுக்க, அனுப்புகிறவரான கேடிக்குச் செலவு ஏறியது. கேஷ் வைத்தவருக்கே தண்டம்! கேடி அந்தக் காசை ஃபேஸ்புக்கிடம் கேட்க, ஃபேஸ்புக் மற்றவர்களின் ட்ராஃபிக்கை வெளிநாட்டு வழியில் திருப்பியது, வேகம் விழுந்தது. நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2022இல் அங்கே படத் தரத்தை 720பி-க்கு இறக்கியது. பெரும்பாலான மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு நெட்வொர்க் கட்டணம் என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. இன்னொரு கொரிய ஐஎஸ்பியான எஸ்கே பிராட்பேண்டும் நெட்ஃபிளிக்ஸும் வருஷக்கணக்கில் வழக்காடி 2023இல் சமரசமானார்கள். அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதியிருந்தது.

காம்காஸ்டை உதாரணம் காட்டுவது

2014இல் நெட்ஃபிளிக்ஸ், அமெரிக்காவின் பெரிய ஐஎஸ்பியான காம்காஸ்டுக்குப் பணம் கொடுத்தது உண்மை. காம்காஸ்டிடம் இரண்டு கோடி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

யூடியூபின் வேகத்தைக் குறைத்துப் பணியவைப்பது

லைசென்ஸே போகலாம்.

கம்பெனிகளிடம் காசு கேட்பதை டிராய் 2016இலேயே தடுத்துவிட்டது என்பது

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அந்த உத்தரவு, தளத்துக்குத் தளம் வாடிக்கையாளரிடம் வேறு வேறு கட்டணம் வாங்குவதைப் பற்றியது. கம்பெனிகளிடம் 'நியாயப் பங்கு' கேட்பது வேறு விவகாரம். பெரிய டெலிகாம்களின் சங்கமான சிஓஏஐ அதைத்தான் கேட்டுவருகிறது. கிடைத்தாலும் உங்கள் ஊர் வரை வராது என்பது என் கணிப்பு.

பியரிங்கைத் தள்ளிப்போடுவது

நெட்வொர்க்குகள் நேரடியாக இணைந்து ட்ராஃபிக்கை மாற்றிக்கொள்வதுதான் பியரிங். அதற்குச் சென்னையில் நிக்ஸி எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, தனியார் எக்ஸ்சேஞ்சுகளும் இருக்கின்றன. சொந்தக் கேஷ் கேட்கும் அளவுக்கு ட்ராஃபிக் இல்லையென்றால், கேஷ் வைத்திருக்கும் அப்ஸ்ட்ரீமாகப் பார்த்து வாங்குங்கள். கேஷ் ட்ராஃபிக்குக்குத் தனி ரேட் கேளுங்கள், பேசினால் குறைப்பார்கள்.