பைன் நட்ஸ் கருகாமல் வறுப்பது எப்படி? வறுத்து என்னென்ன சமைக்கலாம்?

வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு பைன் நட்ஸ் புதிதில்லை. அரபு விருந்துகளில் பெரிய தட்டு நிறையச் சோறு வைத்து, அதன் மேல் பாதாமோடு பொன்னிறமாகத் தூவி வருமே, அந்தச் சின்னப் பருப்புதான். அங்கே கடையில் ‘ஸ்னோபர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஊரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் உலர்பழக் கடைகளிலும் கிடைக்கிறது. விலையைக் கேட்டால்தான் யோசனை வரும். ஒரு கைப்பிடி கருகிப்போனாலும் வயிறு எரியும். அதனால்தான் வறுப்பதற்கென்றே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விலைக்குக் காரணம் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் பைன் மரத்தில் ஒரு கூம்பு முற்ற மூன்று ஆண்டுகள் ஆகும். அதைப் பறித்து, காயவைத்து, விரியவைத்து, விதையை உதிர்த்து, ஓட்டை உடைத்தால்தான் இந்தப் பருப்பு. இவ்வளவு வேலை நடந்து வந்த பொருளை அடுப்பில் ஒரு நிமிடக் கவனக்குறைவில் தொலைக்கக் கூடாது.

வாங்கும்போது

கடையில் பெரும்பாலும் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று நீளமாக, ஒல்லியாக, முழுக்க ஒரே தந்த நிறத்தில் இருக்கும். அது மத்தியதரைக் கடல் வகை. விலை அதிகம். இன்னொன்று குட்டையாக, துளி வடிவத்தில், ஒரு முனையில் பழுப்பு நிறத்தோடு இருக்கும். சீனா, கொரியா பக்கத்து மரங்களின் விதை இது. சமையலுக்கு இரண்டுமே சரி. குட்டை வகை இன்னும் சீக்கிரம் சிவக்கும், அவ்வளவுதான். மூன்றாவதாக நம் நாட்டிலேயே விளையும் சில்கோசா இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்திலிருந்து ஓட்டோடு வரும். அதன் கதை வேறு, கடைசியில் சொல்கிறேன்.

எந்த வகையானாலும், வீட்டுக்கு வந்ததும் முதலில் மூன்று நான்கு பருப்பைப் பச்சையாக வாயில் போட்டு மெல்லுங்கள். லேசான இனிப்பும், வெண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பும், மெல்லிய பைன் மர வாசனையும் வரவேண்டும். தொண்டையில் காறலாகப் பிடித்தால் அது பழசு. அதை எப்படி வறுத்தாலும் தேறாது. பைன் நட்ஸில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 68 கிராம் கொழுப்பு. கடையில் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் காறிப்போகத்தான் செய்யும். சில்லறையாக அள்ளித் தரும் கடை என்றால் ஒன்றிரண்டு சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

வறுப்பது

கால் கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 35 கிராம் வரும். நாலு பேருக்குத் தூவ இது போதும். மொத்தப் பாக்கெட்டையும் ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள். பருப்பு ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால் கீழே கருகும், மேலே பச்சையாக நிற்கும்.

அடி கனமான, உள்பக்கம் வெளிர் நிறமான சட்டி எடுங்கள். அடி கனத்த ஸ்டீல் சட்டிதான் என் தேர்வு. இரும்பு வாணலி எனக்கு எல்லாவற்றுக்கும் பிடிக்கும், இதற்கு மட்டும் வேண்டாம். கறுப்பு அடியில் பருப்பின் நிறம் மாறுவது சரியாகத் தெரியாது. அடுப்பை அணைத்த பிறகும் இரும்பு சூட்டை விடாது. தட்டையான முனையுள்ள மரக்கரண்டி ஒன்றும், அகலமான தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். தட்டை அடுப்பு பற்றவைக்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். பருப்பு சிவக்கும்போது தட்டைத் தேடி அலமாரிக்குப் போனால் காரியம் கெட்டுவிடும்.

சட்டியில் பருப்பைப் போட்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். தீ குறைவுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் இருக்கட்டும். எண்ணெய் வேண்டாம், அதன் எண்ணெயே போதும். கை ஓயாமல் கிளறுங்கள்.

முதல் ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றும் நடக்காது. இங்கேதான் பலர் பொறுமை இழந்து தீயைக் கூட்டுகிறார்கள், அல்லது பக்கத்து அடுப்பில் வெங்காயம் வதக்கப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். பொங்கலுக்கு முந்திரி வறுத்துப் பழகிய கைக்கு இது வேறு வேகம். முந்திரி பெரியது, அதில் கொழுப்பும் குறைவு. நிறம் மாறத் தொடங்கிய பிறகும் அவகாசம் தரும். பைன் நட்ஸ் தராது.

இரண்டு நிமிடத்துக்கு மேல் உற்றுப் பாருங்கள். பருப்பின் மேல் முதலில் ஒரு பளபளப்பு வரும். உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். அடுத்து வாசனை. முதலில் மரப்பிசின் மாதிரி லேசாக வரும், கொஞ்ச நேரத்தில் அது உருக்கிய வெண்ணெய் வாசனையாகத் திரும்பும். அந்தத் திருப்பம்தான் அடையாளம். நிறத்தைவிட மூக்கு ஒரு கணம் முந்திக்கொள்ளும். அப்போது பார்த்தால் சட்டியைத் தொட்ட பக்கத்தில் சில பருப்புகளுக்கு மட்டும் வெளிர் பொன்நிறப் புள்ளி விழுந்திருக்கும். மூன்றில் ஒரு பருப்புக்கு அந்தப் புள்ளி வந்ததும் எடுத்துவிடுங்கள்.

‘இன்னும் வெள்ளையாக இருக்கிறதே’ என்று தோன்றும். தோன்றட்டும், எடுங்கள். அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, சட்டியிலேயே விடக் கூடாது. உடனே ஆறிய தட்டில் கொட்டி, ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். சின்னக் கிண்ணத்தில் குவித்தாலும் நடுவிலிருப்பவை ஒன்றையொன்று சுட்டுக்கொண்டே போகும். தட்டில் பரப்பிய பிறகும் உள்சூட்டில் அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை நிறம் ஏறும். நீங்கள் விரும்பிய பொன்னிறம் அடுப்பில் அல்ல, இந்தத் தட்டில்தான் வரவேண்டும். மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து நிமிட வேலை. ஆறியதும் கொஞ்சம் மொறுமொறுப்பு கூடும்.

நெய்யில் பொரிப்பது

சோற்றின் மேல் தூவ எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். ஒரு மேசைக்கரண்டி நெய்யும் கால் கப் பருப்பும் சட்டியில் சேர்த்தே போட்டு, குறைந்த தீயில் கிளறுங்கள். நெய்யில் சூடு எல்லாப் பக்கமும் படுவதால் நிறம் ஒரே சீராக வரும். வெளிர் பொன்னிறம் எட்டியதும் எடுக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சின்னப் பருப்பைக் கரண்டியால் அள்ளுவதற்குள் மிச்சம் சிவந்துவிடும். அதனால் ஒரு கிண்ணத்தின் மேல் ஸ்டீல் டீ வடிகட்டியைத் தயாராக வைத்து, சட்டியை அப்படியே அதில் கவிழ்த்துவிடுங்கள். பருப்பு மேலே நிற்கும், நெய் கீழே இறங்கும். பிளாஸ்டிக் வடிகட்டி கூடாது, உருகும். அந்த நெய்யைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்து வரும் சோற்றுக்கு அதுதான் தாளிப்பு.

லெபனான் பாணிச் சோறு

ஒரு கப் பாசுமதியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து வைத்த நெய்யில் ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்குங்கள். கால் கிலோ கொத்துக்கறி சேர்த்து, நீர் சுண்டி, கறி உதிரியாகிச் சிவக்கும்வரை கிளறுங்கள். அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், அரைத் தேக்கரண்டி ஆல்ஸ்பைஸ் தூள் (பெயரைப் பார்த்து மசாலாக் கலவை என்று நினைக்க வேண்டாம், மிளகு மாதிரி இருக்கும் ஒரே காயின் தூள்), மிளகுத்தூள், உப்பு. இவ்வளவுதான் மசாலா. இஞ்சி பூண்டு விழுதும் பச்சை மிளகாயும் போடக் கை போகும். போட்டால் அது பிரியாணிப் பக்கம் சாய்ந்துவிடும், பைன் நட்ஸின் மென்மையான வாசனையும் காணாமல் போகும். அரிசியை வடித்துச் சேர்த்து, ஒன்றரைக் கப் வெந்நீர் ஊற்றி, கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடி பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். அணைத்து இன்னும் பத்து நிமிடம் திறக்காமல் வையுங்கள். பரிமாறும்போது மட்டும் பருப்பைத் தூவுங்கள். சோற்றோடு சேர்த்து வேகவிட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். சைவர்கள் கறிக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலை சேர்க்கலாம். நன்றாகவே இருக்கும். தொட்டுக்கொள்ளத் தயிர்.

கீரையும் உலர்திராட்சையும்

ஸ்பெயினின் கத்தலோனியாப் பக்கம் செய்யும் கீரை இது. பத்து நிமிட வேலை. ஒரு கைப்பிடி உலர்திராட்சையை வெந்நீரில் ஊறவையுங்கள். ஆலிவ் எண்ணெயில் இரண்டு பல் பூண்டைச் சீவிப் போட்டு, ஓரம் நிறம் மாறியதும் வடித்த திராட்சையையும் பாலக் கீரையையும் சேருங்கள். மூடாமல் பெரிய தீயில் வதக்கினால் கீரை விடும் தண்ணீர் சுண்டிவிடும். உப்புப் போட்டு இறக்கி, வறுத்த பைன் நட்ஸைக் கலந்தால் முடிந்தது. இனிப்பும் உப்பும் ஒரே வாயில் வரும் இந்தச் சேர்க்கை சிசிலிச் சமையலிலும் உண்டு. மத்தி மீன் போட்ட பாஸ்தாவில்கூட அங்கே திராட்சையும் பைன் நட்ஸும் சேரும். கீரை சப்பாத்திக்கு அருமையாகப் பொருந்தும்.

பெஸ்டோவுக்கு வறுக்க வேண்டுமா?

பெஸ்டோ என்பது பேசில் இலைத் துவையல். இத்தாலியின் ஜெனோவாதான் அதன் ஊர். அங்கே மரபுப்படி பைன் நட்ஸைப் பச்சையாகவே இடிக்கிறார்கள். பேசில் இலை, பூண்டு, கல்லுப்பு, பைன் நட்ஸ், பார்மெசான் சீஸ், செம்மறி ஆட்டுப்பால் பெக்கோரினோ சீஸ், ஆலிவ் எண்ணெய். ஐம்பது கிராம் இலைக்கு ஒரு மேசைக்கரண்டி பருப்பு போதும். அதன் வேலை துவையலுக்கு வழவழப்புத் தருவது. வறுத்துப் போட்டால் சுவை கூடும்தான். ஆனால் இலையின் வாசனைக்கு மேலே பருப்பு ஏறி நிற்கும். என் கட்சி பச்சைதான்.

இலை விஷயத்தில் ஒரு சொல். நம் துளசி இதற்கு ஆகாது, காரமாகவும் மருந்து மாதிரியும் இருக்கும். இனத்தால் பேசிலோடு ஒன்றுபடுவது நம் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதையும் அந்த இனத்துச் செடியில்தான் வருகிறது. ஆனாலும் ஜெனோவா இலையின் மென்மை அதில் இருக்காது. இத்தாலி பேசில் விதை வாங்கித் தொட்டியில் போடுங்கள், நன்றாக வளரும்.

கொரியாவில் ஊறவைத்த அரிசியையும் பச்சை பைன் நட்ஸையும் தனித்தனியாக அரைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். உடம்பு சரியில்லாதவர்களுக்கு இதமான உணவு. அதில் உப்பைக் கடைசியில், கிண்ணத்தில் ஊற்றிய பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கஞ்சி நீர்த்துவிடும்.

படித்தவர்கள் கேட்டவை (பின்னால் சேர்த்தது)

ஏர் ஃபிரையர் பற்றிப் பலர் கேட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. கூடையின் ஓட்டை வழியாகப் பருப்பு நழுவுகிறது, உள்ளே நடப்பதும் தெரிவதில்லை. ஓவன் இருந்தால் பரவாயில்லை. 160 டிகிரியில் தட்டில் பரப்பி ஐந்தாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள், நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். அரைக் கிலோ வறுப்பவர்களுக்கு அது சரி. கால் கப்புக்கு அடுப்புதான்.

ஒருவர் எழுதியது முக்கியமானது. பைன் நட்ஸ் சாப்பிட்டபோது சுவை நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் மறுநாளிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் வாயில் கசப்பும் உலோகச் சுவையுமாம். பயப்பட வேண்டாம். இது மருத்துவ உலகில் பதிவான விஷயம். சாப்பிட்ட 12 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, சில நாட்களிலிருந்து இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். சீனாவின் ஒரு குறிப்பிட்ட பைன் வகையோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். பருப்பு கெட்டுப்போனதால் வருவது அல்ல. வறுத்துவிட்டால் வராது என்று நம்பவும் முடியாது. அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு வேறு நாட்டில் விளைந்ததை வாங்குங்கள். உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் அது வேறு, ஒவ்வாமை. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்படிச் சேமிப்பது? வறுக்காத பருப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிஜ்ஜில் வைத்தால் இரண்டு மாதம் கவலையில்லை. ஃபிரீசரில் இன்னும் நாள் தாங்கும், உறைந்தபடியே எடுத்து வறுக்கலாம். வறுத்ததைச் சேமிக்காதீர்கள், வேண்டும்போது வறுப்பதே நல்லது.

சரி, சில்கோசா. இரண்டு செ.மீ. நீளத்துக்கு மெலிந்த, கரும்பழுப்பு ஓட்டோடு வரும். கின்னௌரில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கூம்புகளை விரியும் முன்பே பறித்து, குவித்துக் காயவைத்து விதை எடுப்பார்கள். பெரும்பாலும் வறுத்தே விற்கிறார்கள். வாங்கியதை ஒன்று உடைத்துப் பாருங்கள். ஓடு ரப்பர் மாதிரி வளைந்தால் பச்சை, சட்டென்று உடைந்தால் வறுத்தது. பச்சை என்றால் இதற்கு இரும்பு வாணலியே சரி, ஓடு காப்பாற்றிக்கொள்ளும். கல்லுப்பைச் சூடாக்கி, விதையைப் போட்டு நடுத்தரத் தீயில் கிளறி, அவ்வப்போது ஒன்றை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். ஓடு நொறுங்கி, உள்பருப்பு தந்த நிறத்திலிருந்து லேசாக மஞ்சளுக்கு மாறியிருந்தால் போதும், சல்லடையில் கொட்டி உப்பைச் சலித்துவிடுங்கள். உடைக்கும்போது நடுவில் அழுத்தினால் பருப்பும் நொறுங்கும். அகலமான முனையைப் பல்லாலோ சின்னக் குறடாலோ லேசாகக் கடித்து, அங்கிருந்து ஓட்டை நீளவாக்கில் உரித்தால் பருப்பு முழுசாக வரும்.