தலங்கமவில் தவளை தேடுவது எப்படி

வெள்ளவத்தையில் நாங்கள் முன்பு இருந்த கீழ்மாடி வீட்டில், குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தவளை குடியிருந்தது. அம்மா அதைத் தேரை என்றே விரட்டுவார். நான் மூன்று முறை படம் பிடித்தேன். ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் சாம்பல், ஒரு நாள் மண்ணிறம். மூன்று இனம் என்று கொப்பியில் எழுதியும் வைத்தேன். தவளை தெரிந்த நண்பர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, "தொடையைப் பாருங்கோ, மூன்றிலும் அதே மஞ்சள் புள்ளிகள்தானே" என்றார். மரத்தவளை நேரத்துக்கு நேரம் நிறம் மாற்றும் என்று அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே முறைதான்: முதலில் காது, அப்புறம் கால், நிறம் கடைசி.

எங்கே போவது? கொழும்பு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது, ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. பெத்தகானவும் தியசருவும் நடைபாதை போட்ட நல்ல பூங்காக்கள்தான், ஆனால் தவளை கத்தத் தொடங்கும் நேரத்தில் கதவை மூடிவிடுவார்கள், நீங்கள் வெளியே நிற்பீர்கள். எனக்குப் பிடித்தது தலங்கம குளம். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ்ஸில் ஏறி, கொஸ்வத்தையில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. குளக்கட்டு ஓரமாகவே தெரு போகிறது, பக்கத்தில் வயல். சேற்றில் கால் வைக்காமலே பாதி வேலை முடியும்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும் நாட்கள்தான் நாட்கள். சில நாள் காய்ந்து கிடந்து, பிறகு கொட்டினால் அன்றிரவு வீட்டில் இருக்கவே கூடாது. மழை விட்டதும் ஆறரையிலிருந்து ஒன்பது மணி வரை போதும்.

போனதும் டோர்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பிரியும். சீப்பின் பல்லில் நகத்தை இழுத்தது போல 'ட்ர்ர்ர்' என்பது மைக்ரோஹைலா என்ற குட்டித் தவளை. ஆள் இரண்டரை சென்டிமீட்டர், சத்தம் மட்டும் பெரிய ஆளுக்குரியது. பலகையைத் தட்டுவது போல 'டக், டக்' என்று செடிக்குள்ளிருந்து வந்தால் மரத்தவளை. தேங்கிய மழைநீரில் ஊதிய பலூன் மாதிரி மிதந்தபடி அடித்தொண்டையில் உறுமுவது யூபெரோடான் என்ற தவளை. கரிய முதுகில் செம்மஞ்சள் திட்டுகள் இருக்கும். மற்ற நாட்களில் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதால் மழை இரவில்தான் அதைக் காணலாம். கத்துவது ஆண்கள் மட்டுமே. நுணலும் தன் வாயால் கெடும் என்பது நமக்கு நல்ல வசதி. போனில் அரை நிமிடம் பதிந்து வைத்தால் வீட்டில் ஆறுதலாகக் கேட்கலாம்.

சத்தம் கேட்டும் ஆளைக் காணாவிட்டால், நானும் மகளும் செய்வது இது. இருவரும் நாலைந்து மீற்றர் தள்ளி நின்று, சத்தம் வரும் பக்கம் ஆளுக்கொரு கையை நீட்டுவோம். இரண்டு கையும் நேராகப் போய்ச் சந்திக்கும் இடத்தில்தான் தவளை. நடந்தால் வாயை மூடிவிடும். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் நின்றால் மறுபடி தொடங்கும். அப்போது டோர்ச்சைக் கண் மட்டத்தில், நெற்றியோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். இடுப்பளவில் பிடித்தால் கண் மின்னுவது நமக்குத் தெரியாது. புல்லில் வைரப்பொடி மாதிரி குத்தி மினுங்குவதெல்லாம் சிலந்தி. நான் முதல் மாதம் முழுக்கச் சிலந்திதான் பார்த்தேன்.

கண்டதும் காலைப் பாருங்கள். விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் மரத்தவளை வகை. முதுகில் உடுக்கை வடிவம் தெரிந்தால் அது பாலிபெடேட்ஸ் குருசிகர், இலங்கைக்கு மட்டுமே உரியது. தொடையின் பின்புறம் மஞ்சள் புள்ளி என்றால் எங்கள் குளியலறைக்காரர், பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். தட்டு இருந்தும் ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான் என்றால், சிங்களத்தில் பந்துரு மெடியா என்கிற பற்றைத் தவளையாக இருக்கும். அதற்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வரும்.

பின்கால் விரல்களுக்கிடையே முழுக்கச் சவ்வு இருந்தால் தண்ணீர்க்காரர். சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடிக்குள் பச்சையாக, உள்ளங்கையளவு உட்கார்ந்திருப்பது யூஃப்லிக்டிஸ் ஹெக்ஸாடாக்டிலஸ். அதே குடும்பத்துச் சின்னவர் கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதப்பார். கிட்டப் போனால் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடுவார். சவ்வு குறைவு, முதுகில் அறுந்து அறுந்து மடிப்புகள், இடம் வயல் வரம்பு என்றால் மினெர்வார்யா என்ற வயல் தவளை. கண்ணுக்குப் பின்னால் தடித்த சுரப்பி, உடம்பெல்லாம் கரிய முனையோடு முகப்பரு மாதிரி இருந்தால் மட்டும்தான் தேரை.

படம் மூன்று எடுங்கள்: பக்கவாட்டில், மேலிருந்து, பின்கால். பெயர் பிடிபடாவிட்டால் சத்தத்தையும் சேர்த்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் போடலாம்.

கையில் எடுக்க வேண்டாம். நுளம்புக்கு அஞ்சி நாம் பூசிப் போகும் கிரீம் அதன் தோல் வழியே உள்ளே போய்விடும். வயல் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்குவது எலிக்காய்ச்சலைக் கேட்டு வாங்குவது, ஆகவே முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. வரம்பில் டோர்ச் அடிக்காமல் ஓரடியும் வேண்டாம், கண்ணாடி விரியனுக்கும் தவளை பிடிக்கும். பெல்லன்வில, அத்திடிய பக்கம் போனால் தண்ணீர் விளிம்பில் குந்தாதீர்கள், முதலை உண்டு.

இரவில் தெருவோரம் குனிந்து தேடினால் ஊரார் கேட்பார்கள். "மொனவத ஹொயன்னே?" என்று ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார், சங்கிலி ஏதும் தொலைந்ததோ என்று நினைத்திருப்பார். "கெம்போ" என்றேன், தவளைகள் என்று. ஒரு கணம் பார்த்தார். பிறகு சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கால்வாய்க்கு மேலே சாய்ந்திருந்த ஒரு கிளையைக் காட்டினார். முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி நுரைக்கட்டி ஒன்று தொங்கியது. மரத்தவளைக் கூடு. நான் அந்தக் கிளைக்குக் கீழே நின்றுதான் அரை மணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.