முதிய கொடிக் கரின்யான் ஒயினைச் சேலத்து மேசையில் சுவைக்கும் முறை

தென் பிரான்சின் லாங்தாக், ரூசியோன் பகுதிகளில் கரின்யான் என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு ஒயினில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். அவ்விரண்டுக்கும் ஈடுகொடுக்கும் உணவு நம் அடுக்களையிலேயே உண்டு. ஒரு காலத்தில் பிரான்சில் மிக அதிகமாகப் பயிரான சிவப்புத் திராட்சை இதுதான். அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டு மலிவுச் சரக்காக்கியதால் பெயர் கெட்டு, 1980களின் இறுதியிலிருந்து ஐரோப்பிய மானியத்தின் பேரில் ஏராளமாகப் பிடுங்கப்பட்டது. தப்பிய முதிய கொடிகள் குறைவாகவே காய்க்கின்றன. அதனால் சாறு செறிவாக இருக்கிறது. ஆனால் புட்டியில் 'முதிய கொடி' என்று அச்சிடப் பிரெஞ்சுச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை என்பதால், அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

சேலத்தில் முதல் வேலை குளிர்விப்பதே. அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற பழைய அறிவுரை ஐரோப்பியக் கல்வீடுகளுக்கு உரியது. நம் ஊர் மே மாதத்தில் அதைப் பின்பற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். குளிர்பெட்டியில் வைத்து, 16 முதல் 18 டிகிரிக்குள் வந்தபின் ஊற்றுங்கள். ஏற்காட்டின் டிசம்பர் மாலைக்கு இந்தச் சிரமம் தேவைப்படாது.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றி முகருங்கள். கரும்பழ வாசனையும், காய்ந்த மூலிகை மணமும், சில புட்டிகளில் அதிமதுரத்தின் சாயலும் தெரியும். வாழைப்பழ வாசனை முந்திக்கொண்டு வந்தால், துவர்ப்பைத் தணிப்பதற்காகக் குலைகளை நசுக்காமல் முழுதாகவே நொதிக்க வைத்திருக்கக்கூடும். பிறகு, காப்பியைச் சோதிப்பவர் கரண்டியிலிருந்து உறிஞ்சுவதைப் போல, காற்றோடு சேர்த்து ஒரு வாய் உறிஞ்சுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. நாவல்பழம் தின்றபின் வருவது போல ஈறும் நாக்கும் வறண்டு பிடித்தால் அது துவர்ப்பு. விழுங்கியபின் பழச்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். நல்ல முதிய கொடி தன்னைக் காட்டிக்கொள்வது அங்கேதான் என்பது என் கணிப்பு.

இதற்கு ஆட்டுக்கறி மிளகு வறுவலை விஞ்சிய துணை இல்லை. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறும் மிளகு, ஒயினின் மூலிகை மணத்தோடு ஒட்டிப்போகும். ஆனால் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டுச் செய்யும் பள்ளிபாளையம் சிக்கனைத் தவிர்த்துவிடுங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் மேலும் கிளறிவிடும். சைவர்களுக்கு, காரம் குறைத்த எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு பொருந்தும்: உணவிலேயே புளி இருந்தால் ஒயினின் புளிப்பு தணிந்து தோன்றும், மென்மையான ஒயின்களோ புளிக்கு முன் சப்பென்று ஆகிவிடும். தட்டுவடையைச் சட்னி இல்லாமல் வெறுமனே கடித்துக்கொள்ளலாம். மல்கோவா மாம்பழத்தை மட்டும் ஒயின் முடியும்வரை வெட்டாதீர்கள். அதன் இனிப்புக்குப் பின் இந்த ஒயின் வெறும் புளித்தண்ணீராகவே தெரியும்.

மீந்ததைத் தக்கையால் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், பெரும்பாலும் மறுநாள் துவர்ப்பு சற்றுத் தளர்ந்திருக்கும். மூன்றாம் நாளைத் தாண்டவிடாதீர்கள்.