இரு சமிக்ஞைப் பாதைகள் எங்கே சந்திக்கின்றன? எஸ்6 புரதத்தைக் கொண்டு சோதிக்கும் முறை

பாடப்புத்தகப் படங்களில், செல்லுக்குள் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் இரு புரதத் தொடர்களில் ராஸ்–ராஃப்–மெக்–எர்க் பாதை ஒரு பக்கமும் பிஐ3கே–ஏகேடி–எம்டார் பாதை மறுபக்கமுமாகத் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். செல்லுக்குள் அப்படி ஒரு வேலி கிடையாது. எம்டாரை அடக்கி வைக்கும் டிஎஸ்சி2 புரதத்தின் 939ஆம் இடத்துச் செரின், 1462ஆம் இடத்துத் திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களில் ஏகேடி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதே புரதத்தின் 664ஆம் செரினில் எர்க் ஏற்றுகிறது. இவற்றால் டிஎஸ்சி2இன் பிடி தளர, எம்டார் விழித்துப் புரத உற்பத்தியையும் செல்லின் வளர்ச்சியையும் முடுக்குகிறது. உங்கள் செல்களில் இந்தச் சந்திப்பு நிகழ்கிறதா என்பதை புரதங்களைப் பிரித்துச் சவ்வில் ஏற்றி, வேண்டியதை மட்டும் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் மூலமே கண்டறியலாம்.

இதற்கு நான் நம்பும் சாட்சி, ரைபோசோமின் எஸ்6 புரதம். அதன் 240, 244ஆம் செரின்களில் பாஸ்பேட் ஏற்றுவது பெரும்பாலும் எம்டாருக்குக் கீழுள்ள எஸ்6 கைனேஸ் (கைனேஸ் என்பது பாஸ்பேட்டை ஏற்றும் நொதி). 235, 236ஆம் செரின்களிலோ அந்தக் கைனேஸோடு, எர்க்குக்குக் கீழுள்ள ஆர்எஸ்கே என்ற கைனேஸும் ஏற்றுகிறது. ஒரே புரதத்தில் நான்கு இடங்கள் தள்ளி இரு பாதைகளின் கையெழுத்தும் கிடைப்பது நமக்கு வசதி.

செல்களை ஓரிரவு சீரம் இல்லாத ஊடகத்தில் வைத்து, நான்கு குழுக்களாகப் பிரியுங்கள்: கரைப்பானாகிய டிஎம்எஸ்ஓ மட்டும், எம்டாரைத் தடுக்கும் ராபமைசின் 20 நானோமோலார், மெக்கைத் தடுக்கும் யு0126 10 மைக்ரோமோலார், இரண்டும் சேர்த்து. அரை மணி நேரம் கழித்து செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான இஜிஎஃப் கொடுத்து, 0, 5, 15, 60 நிமிடங்களில் செல்களை எடுங்கள். எர்க்கில் பாஸ்பேட் ஏறுவது பல செல்வகைகளில் 5 நிமிடத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடும் என்பதால் அந்த 5 நிமிடப் புள்ளியைத் தவறவிடக் கூடாது.

பெரும்பாலான சோதனைகள் கெடுவது செல்லை உடைக்கும் கட்டத்தில்தான். செல் உடைந்த நொடியிலிருந்து பாஸ்பட்டேஸ் நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கும். ஆகவே தட்டைப் பனிக்கட்டிமேல் வைத்து, சோடியம் ஃபுளோரைடும் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் கலந்த குளிர்ந்த கரைசலையே ஊற்றுங்கள். வனடேட்டை முன்பே பிஎச் 10இல், நிறம் மறையும்வரை கொதிக்க வைத்துப் பதப்படுத்தியிருக்க வேண்டும். இதைச் செய்ய மறந்து ஒரு வாரத்து மாதிரிகளை நான் வீணாக்கியிருக்கிறேன். பிளாட் சவ்வின் வெற்றிடங்களை மூடப் பால்பொடி வேண்டாம்: பாலின் கேசீன் தானே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால் பின்னணி கருக்கலாம். மாட்டு சீரம் அல்புமினை டிரிஸ் உப்புக் கரைசலில் கலந்து பயன்படுத்துங்கள். பாஸ்பேட் ஏறிய வடிவத்துக்கான ஒவ்வொரு பட்டைக்கும், அதே புரதத்தின் மொத்த அளவைக் காட்டும் பட்டையும் தேவை.

பட்டைகளைப் படிக்கும்போது, யு0126 குழுவில் எர்க்கின் 202ஆம் திரியோனின், 204ஆம் டைரோசின் பட்டை மறைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மறையாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை, மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை. மறைந்திருந்தால் எஸ்6க்கு வாருங்கள். ராபமைசின் குழுவில் 240/244 அணைந்தும் 235/236 மங்கலாக எஞ்சி, இரு மருந்தும் சேர்ந்த குழுவில் அதுவும் அணைந்தால், எஞ்சியது ஆர்எஸ்கேயின் வேலை. யு0126 மட்டும் கொடுத்த குழுவிலேயே 240/244 குறைந்து, எஸ்6 கைனேஸின் 389ஆம் திரியோனினும் உடன் குறைந்தால், எர்க்கின் பாதை எம்டாருக்கு மேலேயே வந்து கலக்கிறது என்று கொள்ளலாம். டிஎஸ்சி2இன் 664ஆம் இடத்தைப் பிறகு தேடுங்கள்.

ராபமைசின் குழுவில் ஏகேடியின் 473ஆம் செரின் பட்டை கூடியிருந்தால் குழம்ப வேண்டாம். எஸ்6 கைனேஸ் வழக்கமாக பிஐ3கேக்கு மேலுள்ள ஐஆர்எஸ்1 புரதத்தின் வழியே மேல்பாதையைக் கட்டுப்படுத்தும். அதை நிறுத்தியதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. ஆனால் ராபமைசின் 24 மணி நேரம் நீடித்தால், சில செல்வகைகளில் அந்த 473ஆம் இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் இரண்டாம் எம்டார் கூட்டமைப்பும் உருவாகாமல் போய், அதே பட்டை மங்கிவிடும். எனவே மருந்து கொடுத்த நேரத்தை ஒவ்வொரு பட்டையின் அருகிலும் குறித்து வையுங்கள்.