பலகாரம் சுட்ட எண்ணெயில் பாத்திர சோப்பு: நாங்கள் செய்யும் முறை

தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் சமையலறை மேடையில் மூன்று தூக்குவாளி எண்ணெய் இருந்தது. அத்தை முறுக்கு சுட்டது ஒன்று, நான் அதிரசத்துக்கு வைத்தது ஒன்று, வடை பஜ்ஜி என்று நாலு நாள் அடுப்பிலேயே கிடந்தது ஒன்று. எல்லாம் ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். விலை குறைவுதான், ஆனாலும் கொட்ட மனசு வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக சிங்கில் ஊற்றினோம். கார்த்திகைக் குளிரில் அது குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொண்டு, பிளம்பருக்கு 600 ரூபாய் கொடுத்தோம்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சமைப்பதும் சரியில்லை. பொரித்த எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காயச் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லை. எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, வாணலியில் நுரை கட்டினால் நான் நிறுத்திவிடுவேன்.

அப்படித்தான் இந்த சோப்பு ஆரம்பித்தது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், மதுரையில் வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு வேலை இல்லை. இப்போது மாதம் ஒரு முறை செய்கிறோம். கடைசியாகப் பாத்திர சோப்பு வாங்கியது எப்போது என்று நினைவில்லை. குளிக்கிற சோப்பு இல்லை இது. பாத்திரம் தேய்க்க, மிதியடி, கரித்துணி துவைக்க.

வேண்டியவை

பொரித்த பாமாயில் 500 கிராம், காஸ்டிக் சோடா 67 கிராம், தண்ணீர் 150 கிராம், கல்லுப்பு ஒரு டீஸ்பூன். எண்ணெயையும் எடை போடுங்கள். 500 மில்லி என்பது 500 கிராம் இல்லை.

எண்ணெயை சோப்பாக்குவது காஸ்டிக் சோடாதான் (சோடியம் ஹைட்ராக்சைடு). செதில் செதிலாக வெள்ளையாக இருக்கும். கெமிக்கல் கடையில் கேளுங்கள், பெரிய பெயிண்ட் கடைகளிலும் இருக்கும். நாங்கள் கிலோ 110 ரூபாய்க்கு வாங்கினோம், ஒரு தடவைக்கு ஏழு ரூபாய் சொச்சம்தான் ஆகிறது. சாக்கடை அடைப்பு எடுக்கும் தூளை வாங்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துணுக்கு கலந்திருக்கும்.

இதில் காசு செலவழிக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று, ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. அழகான சிலிக்கான் அச்சு, வாசனை எண்ணெய் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தராசு இல்லாமல் டம்ளர் கணக்கில், ஸ்பூன் கணக்கில் இதைச் செய்யவே வேண்டாம். சோடா பத்து கிராம் கூடிப்போனால் கை எரியும் சோப்புதான் கிடைக்கும்.

பாத்திரங்கள் எல்லாம் எவர்சில்வர். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம்.

எண்ணெயைக் கழுவுவது

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் உப்பு. இரண்டையும் குளிர்ந்த நிலையிலேயே பெரிய பாத்திரத்தில் ஊற்றி, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வையுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. காய்ந்த எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் சீறியடிக்கும், அந்தத் தப்பு மட்டும் வேண்டாம். ஆறியதும் கசடும் கருப்பும் தண்ணீரோடு கீழே தங்கிவிடும்.

மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் மொண்டால் பாதி வீணாகிறது. அதற்கு என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழி நன்றாக இருக்கிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எல்லாவற்றையும் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஊற்றி மூடி, தலைகீழாக ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பது. தண்ணீர் மூடிப் பக்கம் இறங்கிவிடும். பாட்டிலைப் பக்கெட்டுக்கு மேல் பிடித்து மூடியை அரைச் சுற்று தளர்த்தினால் பழுப்புத் தண்ணீர் நூலாக ஒழுகும். எண்ணெய் எட்டிப் பார்த்ததும் மூடியை இறுக்கிவிட வேண்டியதுதான். ஒருநாள் அப்படியே நிற்கவிட்டால் மிச்சமிருக்கும் ஈரமும் இறங்கிவிடும். கடைசியில் ஒரு பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

மீன் பொரித்த எண்ணெய் மட்டும் எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. அதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

காஸ்டிக் கரைசல்

பால்கனியிலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள். பிள்ளைகள், பூனை யாரும் பக்கத்தில் வேண்டாம். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. முதலில் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் கிளறுங்கள். தண்ணீரில்தான் சோடா, சோடாவில் தண்ணீர் இல்லை. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் ஏறக்குறைய கொதிநிலைச் சூட்டுக்குப் போகும், நெடியும் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் காட்டுங்கள். எலுமிச்சை, வினிகர், வெண்ணெய் எதுவும் தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் விடாமல் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மிச்ச சோடாவைத் தண்ணீர் பாட்டிலில் ஒருநாளும் போட்டு வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது பெயர் எழுதி, இறுக மூடிய டப்பாவில் பரணில் இருக்கிறது.

கூழ்ப்பதம்: நாங்கள் ஏமாந்த இடம்

எண்ணெயும் கரைசலும் ஏறத்தாழ ஒரே வெதுவெதுப்பில், 45 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கடைய வேண்டும். இரண்டும் கலந்து கூழானதும் அச்சில் ஊற்றலாம். படித்தால் இவ்வளவுதான். எங்கள் முதல் முயற்சி கெட்டுப்போனது இங்கேதான்.

அன்று மழை, நல்ல குளிர். எண்ணெயைச் சூடாக்காமல் அப்படியே எடுத்துவிட்டோம். ஐந்தே நிமிடத்தில் கெட்டியாகிவிட்டது. "போதும்மா, ஊத்திரு" என்றார் இவர். எனக்கும் சந்தோஷம், ஊற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய், நடுவில் தயிர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக, அடியில் பழுப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் எண்ணெயோடு சேராத காஸ்டிக். கை வைத்திருந்தால் வெந்திருக்கும்.

காரணம் இரண்டு. பாமாயிலில் உறையும் கொழுப்பு இருக்கிறது. குளிரில் அது தானாகவே கட்டியாகும், அது சோப்பு இல்லை. இரண்டாவது, பலமுறை காய்ந்த எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம் அதிகம். காஸ்டிக் பட்டவுடன் அந்த அமிலம் மட்டும் நொடியில் சோப்பாகித் திப்பி கட்டும். மீதி எண்ணெய் அப்படியே இருக்கும். ஆக, பொரித்த எண்ணெய் சீக்கிரம் கெட்டியானால் நம்பாதீர்கள்.

நான் இப்போது பார்க்கும் அடையாளங்கள்: கலவை முழுக்க ஒரே நிறம், ஒரே வழவழப்பு. மேலே எண்ணெய்ப் பளபளப்பு ஒரு இடத்திலும் இல்லை. கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால், விழுந்த கோடு உடனே கரையாமல் மாக்கோலம் மாதிரி மேலேயே நிற்க வேண்டும். தோசை மாவுப் பதம் என்று சொல்லலாம். அந்தப் பதம் வந்ததும் ஐந்து நிமிடம் கடையாமல் சும்மா விடுங்கள். பிரியவில்லை என்றால் ஊற்றலாம். எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கினால் இன்னும் ஆகவில்லை.

அன்று கெட்டதை நாங்கள் கொட்டவில்லை. கையுறை போட்டு, அடியில் நின்ற தண்ணீர் உட்பட அத்தனையையும் எவர்சில்வர் பாத்திரத்தில் திரும்பப் போட்டோம். அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, உருகும் வரை சூடாக்கி மறுபடி கடைந்தோம். முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் கரடுமுரடாக வந்தது, ஆனால் நல்ல சோப்பு.

கடைய என்ன வைத்துக்கொள்வது? கையில் பிடிக்கும் பிளெண்டர் இருந்தால் பத்து நிமிட வேலை. அடிப்பகுதி எவர்சில்வரா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையா, நீளக் காம்பு வைத்த மர மத்து. நாங்கள் முதல் ஆறு மாதம் மத்தில்தான் கடைந்தோம். அந்த மத்து சோப்புக்கே இருக்கட்டும், மோர் கடையத் திரும்ப எடுக்கக் கூடாது. மிக்ஸியில் மட்டும் போட வேண்டாம். மூடிய ஜாரில் சூடான காஸ்டிக் சுற்றுவது ஆபத்து.

அச்சு, வெட்டு, காத்திருப்பு

ஐஸ்கிரீம் டப்பா போதும். உள்ளே பிளாஸ்டிக் கவர் விரித்து ஊற்றி, மூடி, துண்டால் சுற்றி வையுங்கள். இரண்டு நாளில் வெட்டலாம். அழுத்தினால் வெண்ணெய் மாதிரி அமுங்கினால் இன்னும் ஒருநாள் பொறுங்கள். கையுறையோடுதான் வெட்ட வேண்டும். எங்களுக்கு எட்டு வில்லை வரும், காய்ந்த பிறகு ஒவ்வொன்றும் 80 கிராம் வாக்கில் நிற்கும்.

பிறகு நாலு வாரம் நிழலில், காற்றோட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். நாலாவது வாரம் ஒரு வில்லையை ஈரமாக்கி பி.எச். தாள் (காரத்தன்மை எவ்வளவு என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) வைத்துப் பாருங்கள். 9, 10 என்று காட்டினால் சரி. 11-ஐத் தாண்டினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் எடை தவறியிருக்கிறது, பயன்படுத்த வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒன்று. பஜ்ஜி எண்ணெயில் செய்த முறை காஸ்டிக் ஊற்றியதும் கலவை செம்மண் நிறத்துக்கு மாறி நாங்கள் பயந்துபோனோம். மாவில் இருந்த மஞ்சள்தான் காரணம். காஸ்டிக், சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இதே விஷயம்தான். சோப்புக்கு ஒரு குறையும் இல்லை. இவருக்கு அந்த நிறம் பிடித்துப்போய் இப்போது ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே அரை ஸ்பூன் மஞ்சள் போடுகிறார்.

பிறகு சேர்த்தது

கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெயில் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் அதை மட்டும் வைத்துச் செய்தால் சோப்பு கொழகொழவென்று இருக்கும். 350 கிராம் அந்த எண்ணெய், 150 கிராம் தேங்காய் எண்ணெய், காஸ்டிக் 70 கிராம், தண்ணீர் அதே 150. நுரை அருமையாக வரும். நாங்களும் முதலில் தேங்காய் எண்ணெய் சேர்த்தோம். 2025-இல் அதன் விலை ஏறிய ஏற்றத்தில், கடையில் சோப்பு வாங்குவதே மலிவு என்று ஆகிவிட்டது. அதனால்தான் பாமாயிலோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒருவருக்கு இரண்டு மணி நேரம் கடைந்தும் கூழாகவில்லை. விசாரித்ததில், கடைக்காரர் காஸ்டிக் சோடாவுக்குப் பதில் சலவை சோடா கொடுத்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு. சலவை சோடாவுக்கு எண்ணெயை சோப்பாக்கும் பலம் கிடையாது. தண்ணீரில் போட்டதும் நன்றாகச் சூடாகவில்லை என்றால் எண்ணெயில் ஊற்றாதீர்கள், பொருள் தவறு.

இன்னொருவர் பிரியாணி பார்சல் வந்த சில்வர் ஃபாயில் டப்பாவில் ஊற்றிவிட்டார். அது அலுமினியம். ஓட்டை விழுந்து, நுரைத்து, மேடையெல்லாம் வழிந்திருக்கிறது. அலுமினியம் கூடாது என்று நான் எழுதியது அச்சுக்கும் சேர்த்துத்தான். அலுமினிய வாணலி, குக்கர் தேய்க்கவும் இந்தச் சோப்பை நான் எடுப்பதில்லை, கருத்துப்போகிறது.

நுரை வரவில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அந்த வெள்ளைப் படிவு உண்டாகிறது. எங்கள் வீட்டிலும் அதே உப்புத் தண்ணீர்தான். தேய்ப்பது எந்தத் தண்ணீரில் என்றாலும் கடைசி அலசலைக் குடிதண்ணீர்க் குழாயில் வைத்துக்கொண்டேன், படிவது நின்றது. துணிக்கு என்றால் பக்கெட்டில் ஒரு ஸ்பூன் சலவை சோடா கரைத்துவிட்டு சோப்பு போடுங்கள்.

மழைக்காலத்தில் சோப்பு மேல் முத்து முத்தாக வியர்த்தால் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். சோப்பாகும்போது உண்டான கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அரிசி மூட்டைக்கு எட்டத்தில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அரிசியில் சோப்பு வாசம் ஏறுகிறது.