கட்டமைப்புச் சோதனை இயந்திரத்தை நிறுவுவது எப்படி?

கான்கிரீட் போன்ற கட்டுமானப் பொருள்களை எண்ணெய் அழுத்தத்தால் நசுக்கி, அவற்றின் வலிமையை அளப்பது கட்டமைப்புச் சோதனை இயந்திரம். சோதனைக்கூடத்துக்கு அதை வாங்க முடிவெடுத்ததும் பலர் விலைப்பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அதற்கு முன், எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். 150 மி.மீ. கான்கிரீட் கனசதுரத்தின் முகப்பரப்பு 22,500 சதுர மி.மீ.; சதுர மி.மீ.க்கு 60 நியூட்டன் தாங்கும் கான்கிரீட் என்றால், அது 1,350 கிலோநியூட்டனில் உடையும். ஆகவே 2,000 கிலோநியூட்டன் இயந்திரம் பொருந்தும். தேவைக்கு மிகப் பெரியதை வாங்கினால், சிறிய மாதிரிகளின் அளவீட்டில் துல்லியம் குறையும்.

அடுத்தது தரை. என் கருத்தில், அதிகக் கவனம் செலுத்த வேண்டிய படி இதுவே. 2,000 கிலோநியூட்டன் என்றதும் தரைமீது இருநூறு டன் இறங்குமோ என்று புதியவர்கள் அஞ்சுவார்கள். அந்த விசை இயந்திரத்தின் சட்டகத்துக்குள்ளேயே சமன்பட்டுவிடும். தரைக்கு வருவது இயந்திரத்தின் சொந்த எடையும், மாதிரி உடையும்போது எழும் அதிர்வும்தான். ஆனால் அந்தச் சொந்த எடையை மறந்துவிடக் கூடாது. 1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து 33 பேர் உயிரிழந்தனர். கட்டடத்தின் சொந்த எடையே வடிவமைப்புக் கணக்கில் விடுபட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. உங்கள் கூடம் மேல்மாடியில் இருந்தால், தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் தரையைச் சரிபார்த்த பிறகே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுங்கள். உத்தரங்களைச் சோதிக்கும் தனிச் சட்டகம் என்றால் நிலைமை வேறு: ஜாக்கி உத்தரத்தைக் கீழே அழுத்தும்போது சட்டகம் மேலே எழப் பார்க்கும், அதைத் தரையில் பிடித்து வைப்பவை நங்கூர போல்ட்டுகள் மட்டுமே என்பதால், ஒவ்வொரு போல்ட்டும் தாங்க வேண்டிய இழுவிசையைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

சரக்கு இறங்கும் இடத்திலிருந்து அறை வரை கதவு, திருப்பம், மின்தூக்கி அனைத்தையும் அளந்துகொள்ளுங்கள். பாரந்தூக்கி பயன்படுத்தினால், தூக்கும் பணித் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கு சிங்கப்பூரில் மும்முனை மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இயந்திரத்தின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டபின், இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

இயந்திரத்தை இடத்தில் வைத்ததும், கீழ்த்தட்டின் மீது ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை அடிபோல்ட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். பிறகு மட்டத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். சுருங்காத சிமெண்டுக் கலவையை அடியில் நிரப்பி, அது முழுமையாக இறுகிய பிறகே போல்ட்டுகளை முடுக்குங்கள். எண்ணெய் ஊற்றி, சுமையில்லாமல் பிஸ்டனைப் பலமுறை ஏற்றி இறக்கினால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறி ஓட்டம் சீராகும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். உயரழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத்துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

தொழிற்சாலையில் தந்த அளவீட்டுச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். இயந்திரம் இடம் மாறிவிட்டதால், நிறுவிய இடத்திலேயே சோதனை இயந்திரங்களின் விசை அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 7500-1 என்ற அனைத்துலகத் தரப்படி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். முதல் வகுப்பு என்றால் பிழை ஒரு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதன்பின் பாதுகாப்புக் கதவை மூடி, ஒரு சாதாரணக் கனசதுரத்தை உடைத்துச் சோதனையைத் தொடங்கலாம்.