தாளிக்கும் முன் ஒரு கிண்ணம்

செட்டிநாட்டு அடுப்படியில் சின்ன வெங்காயமும் பூண்டும் படாத சட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோழிக் குழம்பு என்றால் உரித்த வெங்காயமே ஒரு தட்டு போகும். அந்தக் குழம்புச் சோற்றைத்தான் மிச்சம் என்று நாய்க்கும் பூனைக்கும் வைக்கிறோம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் வீரா என்று ஒரு நாட்டு நாயும் செல்லி என்று ஒரு பூனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் நான் வைத்திருக்கும் முறை ஒன்றுதான்: வெங்காயம் சட்டியில் விழுவதற்கு முன்பே அவற்றின் பங்கு தனிக் கிண்ணத்துக்குப் போய்விட வேண்டும்.

காரம்தான் ஆகாது என்று பலரும் நினைக்கிறார்கள். மிளகாய் வயிற்றைக் கெடுக்கும், அவ்வளவுதான். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தையே கெடுக்கும். அவற்றில் உள்ள கந்தகப் பொருள்கள் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேக வைத்தாலும் வதக்கினாலும் காய வைத்துப் பொடி செய்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 15 கிராமிலிருந்தே பாதிப்பு தெரியும். பூனைக்கு 5 கிராமே அதிகம். செல்லி 3 கிலோ இருக்கிறாள். அவளுக்கு 15 கிராம், அதாவது சின்ன வெங்காயம் இரண்டு மூன்று போதும். பூண்டு இன்னும் கடுமை.

உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். சாப்பிட்ட அன்று வால் ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையும் புதன்கிழமைச் சோர்வையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

குழம்பிலிருந்து கறியை எடுத்துக் கழுவிப் போட்டால் ஆகாதா என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்கள். ஆகாது ஆச்சி, சாறு கறிக்குள் இறங்கிவிடும் என்றேன். புளிக் குழம்பும் வேண்டாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கால்நடை நச்சியல் அறிந்தவர்கள் இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்ந்த திராட்சையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சரி, என்னதான் வைப்பது? கோழியை மஞ்சள் போட்டுக் கழுவியதும், மசாலா தடவுவதற்கு முன், கழுத்து, கல்லீரல், இதயம், நெஞ்சுக் கறியில் கொஞ்சம் என்று எடுத்துவிடுவேன். சின்ன சில்வர் சட்டியில் கறி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. நன்றாக வெந்து ஆறியதும் கறியை விரலால் பிய்ப்பேன். இந்த இடத்தில் அவசரம் கூடாது. கழுத்துத் துண்டில் ஊசி மாதிரி சிறு எலும்புகள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தப்புவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெருடும். அதனால் ஒவ்வொரு துண்டையும் நசுக்கிப் பார்த்துத்தான் போடுவேன். வெந்த எலும்பு பிளந்தால் கூராக உடையும். தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். நாய்க்கு எலும்பு போடுவது புண்ணியம் என்று இருப்பவர்கள் வெந்த எலும்பை மட்டுமாவது விட்டுவிட வேண்டும்.

வீராவுக்குக் கறியோடு குழைந்த சோறு, வெந்த பூசணி அல்லது கேரட். சோற்றை விடக் கறி குறையக் கூடாது. வீட்டுச் சாப்பாடு மட்டுமே சாப்பிடும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் போகும். முட்டை ஓட்டைக் காய வைத்து மாவாகப் பொடித்துச் சேர்க்கலாம். அளவை நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு இது இன்னும் முக்கியம். கல்லீரல் வாரத்துக்கு ஒன்றிரண்டு துண்டு போதும், தினமும் வேண்டாம்.

பூனை கதை வேறு. அதற்குச் சோறு தேவையே இல்லை. பால்சோற்றில் காலம் தள்ளும் உயிரும் அது இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிறு போகும். டாரின் என்ற சத்து பூனைக்குக் கறியிலும் மீனிலும் இருந்துதான் கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை மங்கும், இதயம் வீங்கும். இதயக் கோளாறுக்கு அதுதான் காரணம் என்று 1987-இல் கண்டுபிடித்த பிறகுதான் கடைத் தீவனங்களில் கூடுதலாகச் சேர்த்தார்கள். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். ஆகையால் கறி வேக வைத்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே கிண்ணத்தில் ஊற்றுங்கள். தொண்டிப் பக்கமிருந்து மீன் வரும் நாளில் செல்லிக்கு முள் எடுத்த வெந்த மீன். பச்சை மீன் கொடுப்பதில்லை.

வெள்ளி, கார்த்திகை என்று கவுச்சி சமைக்காத நாட்கள் நம் வீடுகளில் நிறைய. அந்த நாட்களுக்குப் பொட்டலத் தீவனம் வாங்கி வைத்துவிடுங்கள். சைவ வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியே கிடையாது என்பேன். நாய்த் தீவனத்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பூனைக்கு வேண்டிய அளவு டாரின் இருக்காது.

குழம்புச் சோற்றுக்குப் பழகிய நாய் முதலில் முகத்தைத் திருப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பைக் குறைக்கிறேன் என்று இழுக்க வேண்டாம், அன்றே நிறுத்துங்கள். கறித் தண்ணீரை இளஞ்சூட்டில் ஊற்றினால் வாசனைக்கு வந்துவிடும். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனையிடம் அந்தப் பிடிவாதம் காட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலே மருத்துவரைக் கேளுங்கள்.

இனி, கெஞ்சுகிற கண். பேரன் லீவுக்கு வந்தால் இலையிலிருந்து ஒரு கவளம் வீராவுக்குப் போகும். "ஆயா, அது பாக்குதுல்ல" என்பான். பார்க்கும்தான், பார்த்தால் கிடைக்கும் என்று நாம்தானே பழக்குகிறோம்! இரண்டாம் கட்டின் ஓரத்தில் ஒரு சாக்கு விரித்திருக்கிறேன். நாங்கள் சாப்பிடும்போது வீரா அதில் உட்கார வேண்டும். எழுந்து வந்தால் யாரும் பேசவோ பார்க்கவோ மாட்டோம். உட்கார்ந்திருந்தால் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு வெந்த கறி அந்தச் சாக்குக்கே போகும். பேரனுக்கும் அந்த வேலையையே கொடுத்தேன். இலையிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டான். ஒரு ஆள் விடாமல் எல்லாரும் இதே மாதிரி இருந்தால்தான் பழகும்.

விசேஷ நாட்களில் நாயைக் கட்டி வையுங்கள். பின்வாசலில் குவியும் எச்சில் இலையில் எலும்பு, வெங்காயம், திராட்சை எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். முற்றத்துக் கம்பியில் உப்புக்கண்டம் காயும்போது பூனைக்கு எட்டாத உயரமாகப் பாருங்கள். அவ்வளவு உப்பு அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. வெயில் காலத்தில் வைத்த சாப்பாட்டை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீரை மண் சட்டியில், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

தினமும் காலையில் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் சிலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூத்திரம் கறுத்திருந்தாலோ, பூனை மண்ணைப் பறித்துப் பறித்து முக்கியும் மூத்திரம் வராமல் தவித்தாலோ அன்றே கிளம்புங்கள்.

வெங்காயமோ திராட்சையோ தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அந்த உப்பே விஷமாகும். வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரு பாரசிட்டமால் போதும், பூனை செத்துவிடும். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, உடம்பு எடை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்.